கன்னடப் பூனை

"மல்லிகே, வாம்மா. வெளிய வா."

சுந்தரேசன் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு மூன்றாவது நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மல்லிகே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்த வெள்ளைப் பூனை. பெயரைச் சொன்னால் தலையைக்கூடத் திருப்பவில்லை. சரி, தொட்டுப் பார்ப்போம் என்று வாலில் மெதுவாக விரலை வைத்தார். அது கட்டில் பலகையில் முட்டிக்கொள்கிற உயரத்துக்குத் துள்ளியது, அவருடைய மணிக்கட்டில் நாலு கோடு போட்டது, பீரோ மேல் ஏறி நின்று கத்தியது. அந்தக் கத்தல் கீழ்த்தளம்வரை கேட்டது.

"அதுக்கு உங்களைப் புடிக்கலைங்க," என்றபடி வீணா டெட்டால் பாட்டிலை நீட்டினாள்.

டெட்டாலைவிட அந்தப் பேச்சுதான் அவருக்கு எரிந்தது. மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து பெங்களூர் கே.ஆர். புரத்து ஃபிளாட் வெறிச்சென்று கிடந்தது. ஆபீஸ் விட்டு வரும்போது வாசலுக்கு யாராவது ஓடி வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. வீணா ஓடி வர மறுத்துவிட்டாள். அதனால்தான் பூனை. அதற்கும் அவள் ஒரு மாதம்தான் கெடு கொடுத்திருந்தாள். ஒட்டவில்லை என்றால் வேறு வீடு பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

பூனையைக் கொண்டுவந்து கொடுத்தவன் ஆபீஸ் நண்பன் ஹரிஷ்குமார். அவனைப் போனில் பிடித்தார். அது அவனுடைய ஹவுஸ் ஓனர் வளர்த்த பூனை. அவர்கள் குடும்பத்தோடு கனடா போய்விட்டார்கள். பூனையைப் பற்றிப் பெயரைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் சிவமொக்கா பக்கத்துக்காரர்கள், வீட்டில் கன்னடம் தவிர வேறு பேச்சே கிடையாது என்று மட்டும் சொன்னான்.

சுந்தரேசன் போனை வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"வீணா, தப்பு நம்ம மேலதான். இது கன்னடப் பூனை. நாம தமிழ்ல கூப்பிட்டா அதுக்கு எப்படிப் புரியும்? பாவம், அதான் அந்தக் கத்து கத்துது."

"பால் ஊத்தினா குடிக்குதுல்ல? அது எந்த பாஷைங்க?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கரூரிலிருந்து வந்து பதின்மூன்று வருடமாகப் பெங்களூரில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே கன்னட வாக்கியம் 'கன்னட கொத்தில்லா', அதாவது கன்னடம் தெரியாது. அதை மட்டும் பிழையில்லாமல் சொல்லுவார். பூனையிடம் அதைச் சொல்லி என்ன பயன்? ஹரிஷ்குமாரிடம் கேட்டு, 'வா' என்பதற்கு 'பா' என்று கற்றுக்கொண்டார். அன்று மாலை முழுக்க வீட்டில் "பா, பா" என்ற சத்தம்தான். பூனை ஜன்னல் திட்டில் முதுகைக் காட்டியபடி தூங்கியது.

சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட் நாகேஷ் எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற கன்னட வாத்தியார், அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளரும் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பூனைக்காக ஒரு தமிழர் கன்னடம் பேசுகிறார் என்பது அவருக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை. ஆனால் 'பா' என்பது மரியாதை இல்லை, புது இடத்துக்கு வந்த ஜீவனை 'பன்னி' என்று கூப்பிட வேண்டும், கன்னடத்தில் அதற்கு 'வாங்க' என்று அர்த்தம், 'உட்காருங்க' என்பதற்குக் 'கூத்கொள்ளி' என்று விளக்கினார். தினமும் சாயங்காலம் தானே வந்து பாடம் எடுப்பதாகவும் சொன்னார்.

மறுநாள் சுந்தரேசன் கையில் மீன் தட்டோடு குனிந்து, பணிவாக, "பன்னி, மல்லிகே, பன்னி," என்றார். பூனை விறுவிறுவென்று வந்தது.

"பாத்தியா," என்றார் வீணாவிடம். "மரியாதை எதிர்பார்த்திருக்கு."

அதோடு வீட்டில் தமிழுக்குத் தடை வந்தது. இரண்டு பாஷை கேட்டால் பூனை குழம்பிப்போகும் என்று சீரியலை நிறுத்தினார். வீணா அவளுடைய தங்கையிடம் பேச மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருந்தது. அவரோ எழுந்திருக்கும்போது கன்னடம், பல் தேய்க்கும்போது கன்னடம் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகினார். நாக்கில் அது நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கரூரிலிருந்து மாமியார் சீதாலட்சுமி வந்து சேர்ந்தார். கதவைத் திறந்த சுந்தரேசன் கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, பழக்க தோஷத்தில் சொன்னார்:

"பன்னி, பன்னி. கூத்கொள்ளி."

சீதாலட்சுமி பையைக் கீழே வைக்கவில்லை. மகளைத் தேடிச் சமையலறைக்குப் போனார்.

"என்னடி இது? வாசப்படி தாண்டல, மாப்பிள்ளை என்னைப் பன்னிங்கறாரு. கொள்ளி வேற வைக்கறாராம்."

சுந்தரேசன் பின்னாலேயே ஓடி, அது மரியாதைச் சொல் என்றும், பூனையைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறேன் என்றும் விளக்கினார். விளக்கம் நிலைமையை மேலும் கெடுத்தது. பூனைக்கும் தனக்கும் இந்த வீட்டில் ஒரே மரியாதைதான் என்று புரிந்துகொண்ட மாமியார், காப்பிகூடக் குடிக்காமல் ஓசூரில் இருந்த இளைய மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

வீணா அதற்குப் பிறகு அவரோடு எந்த பாஷையிலும் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். சுந்தரேசன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். எதிரே பூனையும் அவருக்கு முதுகைக் காட்டித் தனியாகச் சாப்பிட்டது. மீன் தட்டோடு வந்தால் மட்டும் வருகிறது, வெறுங்கையோடு எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டாலும் வருவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

நாகேஷ் மட்டும் உற்சாகம் குறையாமல் இருந்தார். கர்நாடக மாநிலம் பிறந்த நாளான நவம்பர் முதல் தேதி நடக்கும் ராஜ்யோத்சவ விழாவில் பேசப்போவது சுந்தரேசன்தான் என்று யாரையும் கேட்காமல் அறிவித்துவிட்டார். சுந்தரேசனால் மறுக்க முடியவில்லை. மறுக்கத் தேவையான கன்னடம் இன்னும் பாடத்தில் வரவில்லை.

விழா நாளில் மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். பூனை எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். வந்த இடத்தில் ஒட்டாமல் ஒரு உயிர் எவ்வளவு தவித்துப்போகும், அதனுடைய பாஷையில் யாராவது இரண்டு வார்த்தை பேசினால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்றார். பூனையைப் பற்றித்தான் சொன்னார். கூட்டம் அதை அவருடைய சொந்தக் கதையாக எடுத்துக்கொண்டது. நாகேஷ் அழுதார். சிவப்பு மஞ்சள் சால்வை போர்த்தி, தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்தார்கள்.

அந்தப் பேட்டாவோடும் சால்வையோடும் வீட்டுக்கு ஓடினார். சோபாவில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த மல்லிகேயின் பின்னால் நின்று, மேடையில் பேசியதை அப்படியே ஒருமுறை பேசிக் காட்டினார். பூனை கால் நகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

சுந்தரேசன் பேட்டாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து வீணா பார்த்ததில்லை. கோபம் இருந்த இடத்தில் இரக்கம் வந்தது. நாளைக்கே டாக்டரிடம் காட்டலாம், ஏதாவது மனக்கஷ்டமாக இருக்கும் என்றாள். பூனையைச் சொன்னாளா அவரைச் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவமனையில், மேஜைமேல் பூனையை வைத்துவிட்டு, சுந்தரேசன் டாக்டர் ஷில்பாவிடம் முழுக் கதையையும் தடங்கலில்லாத கன்னடத்தில் சொன்னார். 'பா' முதல் சால்வைவரை ஒன்றையும் விடவில்லை. வீணா விட்டுப்போனதைத் தமிழில் சேர்த்தாள். டாக்டர் பூனையின் கண்ணைப் பார்த்தார், காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், அதன் பின்னால் போய் நின்று ஏதோ செய்தார். பேச்சு மும்முரத்தில் சுந்தரேசன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கடைசியில், நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்த கேள்வியைத் தாய்மொழியிலேயே கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க டாக்டர். என் கன்னட உச்சரிப்புல ஏதாவது கோளாறா?"

டாக்டர் ஷில்பா கையுறையைக் கழற்றினார்.

"உங்க உச்சரிப்பு ரொம்ப நல்லா இருக்கு சார். பூனைக்குத்தான் பிறவியிலிருந்தே காது கேக்காது."