டைட்டானியம் சட்டிக்காரர்

கிராம் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வீட்டில் பீரோவை நகர்த்தச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மலையேறப் போகிறோம் என்றால் மட்டும், முதுகுப்பைக்குள் போகும் ஒவ்வொரு சாமானையும் சமையலறைத் தராசில் ஏற்றி இறக்கி, சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் அளவுத் துண்டைக்கூடக் கத்தரித்து எறிந்துவிட்டு, பூமி பாரத்தையே குறைத்தவர்கள் போலப் பெருமூச்சு விடுவார்கள். பார்த்திருப்பீர்கள்.

நம்முடைய பல் டாக்டர் அந்த இனத்துக்குத் தலைவர். வருகிறவர்களிடமெல்லாம், "பிரஷ்ஷை நல்லாப் பிடிச்சுத் தேய்க்கணும்" என்று உபதேசம். தன் பிரஷ்ஷுக்கோ பிடியே கிடையாது. எடை கூடுதலாம், அறுத்துவிட்டார். ஒருநாள் ஓர் அம்மாள் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி காத்துக்கிடக்க, இவர் பல் குடைகிற மெஷினால், எடை குறையட்டுமென்று, டைட்டானியம் கரண்டியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"வலிக்குமா டாக்டர்?"

"கரண்டிக்கா?"

டைட்டானியம் சட்டியென்றால் உயிரையே விடுவார். அதை யார் கையிலாவது திணித்து, "கண்ணை மூடுங்க. கையில ஏதாவது இருக்கிற மாதிரி தெரியுதா?" என்பார். தெரியத்தான் செய்யும். வாயில் பஞ்சோடு எதிர்த்துப் பேச முடியுமா?

மலைக்கு வா என்று மனைவியிடம் வருஷக்கணக்காகக் கெஞ்சினார். தனியாக நடந்து, தனியாகத் தின்று, "ஆகா, என்ன அழகு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மனுஷனுக்கு அலுத்துவிட்டது.

"வரேன். ராத்திரிக்குச் சுடச்சுடச் சோறு போடணும். இல்லேன்னா இதுவே முதலும் கடைசியும்" என்றாள் அவள்.

கிளம்பும்போது, "என் கம்பளியை உங்க பைக்குள்ள வெச்சிருக்கேன்" என்றாள். கம்பளியின் எடை அவருக்கு மனப்பாடம். தலையாட்டினார். ஏற்றம் முழுக்க மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு, "பார்த்தியா, பையே மாட்டாத மாதிரி இருக்கு!" என்றார். அடிக்கொருதரம் உட்கார்ந்ததெல்லாம் இயற்கையை ரசிக்கவாம்.

சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தார். காகிதம் மாதிரி சட்டி. தீ பட்ட நடுவில் சோறு கரியாயிற்று, ஓரத்து அரிசி நறுக்கென்று அப்படியே கிடந்தது. கஞ்சித் தண்ணீரையாவது கொடுக்கலாமென்று அள்ளினார். அவள் வாய்க்குப் போவதற்குள் கரண்டி காலி. போச்சு, எல்லாம் போச்சு! இனி எந்த ஜென்மத்தில் வருவாள்? அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"அந்தக் கம்பளியை எடுங்க."

"குளிருதா?"

"எடுங்களேன்."

பிரித்தார். உள்ளே வீட்டு எவர்சில்வர் பாத்திரம், அடிகனமானது, மூடியோடு! நடுவில் பெரிய கரண்டி வேறு. மலை உச்சிவரை அதைச் சுமந்தது யார்? தபால்தலையின் எடையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அதே மகானுபாவர்தான்.

மறுநாளுக்கு வைத்திருந்த அரிசியை அவளே போட்டாள். சோறு பொலபொலவென்று வந்தது.

"அடுத்த தடவையும் வரேன்" என்றாள், இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டே. "ஆனா இதை நீங்கதான் தூக்கணும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன? வீடு திரும்பிய மறுநாளே அந்தப் பாத்திரத்தைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கைப்பிடியில் நாலைந்து ஓட்டை போட்டால் என்ன குறைந்துவிடும்?

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்று பல் தேய்க்கும்போது, "இந்தப் பிடி எதுக்கு இவ்வளவு நீளம்?" என்று ஒரு கணம் தோன்றினால், கூச்சப்படாமல் வாருங்கள். நம் சங்கத்தில் இடமிருக்கிறது. ரம்பம் நான் தருகிறேன்.