அக்கா பஸ்ல வரச் சொல்லுது

விருத்தாசலம் இட்லி சாப்பிட நினைத்த கடை ஒன்று, அவருடைய கார் போய் நின்ற கடை வேறு. திண்டிவனம் கடைத்தெருவில் பிரேக்கை மிதித்தார். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்று கடை தள்ளி புரோட்டாக் கடை வாசலில்தான் நின்றது. காலங்கார்த்தாலே புரோட்டாவா என்று கூச்சமாக இருந்தது. ரிவர்ஸ் எடுத்துப் போவது அதைவிடக் கூச்சம். புரோட்டாவே சாப்பிட்டார்.

மனைவி செண்பகம் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து அவர் நினைத்தது எதுவும் நினைத்த இடத்தில் நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆன மனிதர். பெருமைப்பட்டுக்கொள்ள அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று, செகண்ட் ஹாண்டில் வாங்கிய இந்த வெள்ளைக் காரை அவர் ஓட்டும் அழகு. போன மாதம் பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அதைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

"ஒம்பது வருசம்! ஒரு கீறல் இருக்குதா பாருங்க. எங்க நிக்கணும்னு நெனைக்கிறனோ அங்க நிக்கும். எல்லாம் இந்தக் கால்தான்."

பக்கத்து இலையில் இருந்த செண்பகத்துக்குச் சிரிப்பில் பாயசம் புரையேறிவிட்டது. உறவுக்காரர்களும் கூடச் சிரித்தார்கள். மண்டபத்து வாசலில் அவர் வெடித்தார்.

"சும்மா உக்காந்துக்கினு வர்றவளுக்கு என்னாடி சிரிப்பு? ஓட்டுறவன் நான். வீட்டுக்கு வந்ததும் கால் வலிக்குதுன்னு தைலம் தேய்க்கிறது நீ!"

"சும்மா உக்காந்துக்கினு வர்றேனா?" என்றாள் செண்பகம். அங்கிருந்தே பஸ் ஏறி, விழுப்புரத்தில் தம்பி நெடுஞ்செழியன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று விருத்தாசலத்துக்குத் தெரிந்தது. ஏதாவது ஒரு குரல் கேட்கட்டுமே என்று, இத்தனை நாள் கிண்டல் செய்த சீரியலைப் போட்டுவைத்தார். இரண்டே வாரத்தில் கதை பிடிபட்டுவிட்டது. வில்லி மாமியார் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட அன்று துள்ளி எழுந்து திரும்பினார். சொல்ல ஆளில்லை. உண்மையாகவே அழுகை வந்தது.

மறுநாள் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"செழியா, உங்கக்காகிட்ட சொல்லு. கார் எடுத்துக்கினு வர்றேன். ரெடியா இருக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு.

"மாமா, அக்கா பஸ்ல வரச் சொல்லுது."

"ஏன், கார்ல வந்தா என்னா?"

"கார்ல வந்தா கதவே தெறக்க மாட்டேன்னுது மாமா."

விருத்தாசலத்துக்குச் சுருக்கென்றது. ஆக, என் ஓட்டுதல் அவ்வளவு கேவலமாகிவிட்டதா? போனால் காரில்தான் போவது, அவளை முன்சீட்டில் உட்கார வைத்துத்தான் அழைத்து வருவது என்று முடிவு கட்டினார். அவள் வராவிட்டால் மிச்ச காலம் முழுக்க அந்தச் சீரியல்தான் துணை.

பிரேக்கைச் சரிபண்ண தேவாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். தேவா வண்டியைத் தனியாக ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தான்.

"பிரேக் பேடு தேஞ்சிருக்கும் அண்ணே. மாத்திடலாம்."

மாற்றினான். வண்டி பழையபடி மூன்று கடை தள்ளித்தான் நின்றது. ஆனால் இப்போது கிறீச் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி நின்றது. திரும்பினவர்கள் எல்லாம் காலியான முன்சீட்டைப் பார்த்தார்கள்.

"எங்க சார், வீட்டுல அம்மாவக் காணோம்?"

"ஊருக்குப் போயிருக்கா" என்று கடைக்குக் கடை சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் கசந்தது.

மறுபடி தேவா. "பிரேக் ஆயில் மாத்திப் பாப்போம் அண்ணே."

மாற்றியதும் சத்தம் குறைந்தது, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் மிதித்து மிதித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"பேஜாரு புடிச்ச வண்டி அண்ணே இது. நல்லா டைட் வச்சிடறேன்" என்றான் தேவா.

வைத்தான். அதற்குப் பிறகு வண்டி நின்றது, கிளம்பத்தான் மறுத்தது. அந்த லட்சணத்தோடுதான் விருத்தாசலம் விழுப்புரத்துக்குப் புறப்பட்டார். இடப்பக்கத்துச் சீட்டின் காலடியில் செண்பகத்தின் பிளாஸ்டிக் கூடை இன்னும் அப்படியே இருந்தது. எடுத்து வீட்டுக்குள் வைக்க மனசு வரவில்லை. "பாத்தியா, பிரேக் சும்மா கும்முனு புடிக்குது" என்று அதனிடம்தான் சொல்லிக்கொண்டு போனார்.

கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் முன்சக்கரத்திலிருந்து புகை. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கத்தினார்கள். தெரிந்தவர்களோ என்று இவரும் கையை ஆட்டினார். நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் இறங்கினார். நிழல் பார்த்து ஆறப்போட்டு, உருட்டி உருட்டி, முண்டியம்பாக்கத்தில் கோபி என்பவனின் ஒர்க்‌ஷாப் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

கோபி எல்லாவற்றையும் தளர்த்தி, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, பெடலை மிதித்துப் பார்த்தான்.

"கல்லாட்டம் இருக்குதே! ரோட்ல போட்டுப் பாக்கணும். நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க சார்."

அந்தச் சீட்டில் விருத்தாசலம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஸ்டீயரிங்கை யாரிடமாவது கொடுத்தால்தானே? கூடையை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு ஏறினார். இங்கிருந்து பார்த்தால் எதிரே வருவதெல்லாம் நேராகத் தன் மடிக்கே வருவதுபோல் இருந்தது. ஒன்பது வருஷம் இப்படியா உட்கார்ந்து வந்தாள் என்று முதல்முறையாக அவள்மேல் பாவமாக இருந்தது.

சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. கோபி பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. எழுந்து நின்றே மிதித்தான்.

"சார்! புடிக்கல சார்!"

கரும்பு நுனிகள் கண்ணாடிக்கு நேராக வந்தன. விருத்தாசலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "செண்பகம்!" என்று அலறி, இரண்டு காலையும் முன்னால் உதைத்தார். காலில் ஏதோ இரும்பு இடித்தது.

கார் நச்சென்று நின்றது.

கரும்பு கண்ணாடியைத் தொடாத குறைதான். கோபி இறங்கிச் சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான்.

"இது டிரைவிங் ஸ்கூல் வண்டியா சார்?"

"ஆமா... அங்கதான் வாங்குனேன். வாத்தியார் மிதிக்கிற இந்தப் பக்கத்து பிரேக் பெடலக் கழட்டிட்டுத் தர்றேன்னு சொன்னாரே அந்த ஆளு."

"கழட்டல சார்."

ஒரே ஒரு மிதி மிதித்ததற்கே விருத்தாசலத்துக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபி அந்தப் பெடலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பிரேக்குக்கு பலம் குடுக்குற பூஸ்டரு செத்து வருசக்கணக்கா ஆயிருக்கும், ஒருத்தர் மட்டும் மிதிச்சா இந்த வண்டி நெனைச்ச எடத்துல நிக்காது. அந்தப் பக்கம் ரப்பரு பாதிதான் தேஞ்சிருக்குது, இங்க ரப்பரே இல்ல, இரும்பு பளபளன்னு இருக்குது. இத்தினி வருசமா வண்டிய நிறுத்திக்கினு வந்தது நீங்க இல்ல சார், இந்த சீட்டுல உக்காந்துக்கினு வந்தவங்க!"