உபயம்: வள்ளல் கரடியார்

ஒரு காட்டில், அதைக் காடு என்று சொன்னால் மற்ற காடுகள் கோபித்துக்கொள்ளும், அப்படிப்பட்ட ஒரு காட்டில், பட்டு என்ற முள்ளெலிச் சிறுமி இருந்தாள். தேரி என்கிற செம்மணல் மேடு, நாலு உடைமரம், பத்துப் பனை. காடு அவ்வளவுதான். உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிறவளுக்கு யாராவது பட்டு என்று பெயர் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். காக்கைக்கே தன் குஞ்சு பொன்குஞ்சு என்றால் முள்ளெலிக்கு மட்டும் என்ன குறைச்சல்?

பட்டுவுக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். கையில் பனைமட்டையைக் கொடுத்து ஒரு பனங்குரும்பையை எறிந்தால், அதைப் பனை உச்சிக்கு மேலே அனுப்பிவிடுவாள். மட்டை அவளைவிட இரண்டு மடங்கு நீளமாயிற்றே, எப்படித் தூக்கினாள் என்பீர்கள். மிருகங்கள் பேசுவதையே நம்பப் போகிறீர்கள், இதை நம்ப என்ன கஷ்டம்?

மலைக்கு அந்தப் பக்கம், தேன் விற்றுப் பணக்காரரான கரடியார் ஒருவர் இருந்தார். வள்ளல் என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டவர். அவர் செய்த முதல் தானம் அதுதான். அடுத்து, ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுக்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார். ஆனால் கிரிக்கெட் மட்டையைப் புலியார் கொடுத்தாயிற்று, கால்பந்தை யானையார் கொடுத்தாயிற்று. கரடியார் தூக்கமில்லாமல் தவித்தார். அப்போது வலசை வந்த நாரை ஒன்று, "வெளிநாட்டுல பேஸ்பால்னு ஒண்ணு ஆடுறாங்க" என்றது.

"இந்தப் பக்கம் யாராவது கொடுத்திருக்கிறார்களா?"

"அப்படி ஒண்ணு இருக்குறதே இங்க யாருக்கும் தெரியாதுங்க."

"அப்படியானால் அதையே கொடுப்போம்!" என்றார் கரடியார்.

சும்மா கொடுத்துவிடுவார்களா? ஏழை என்று நிரூபிக்க வேண்டும். பட்டுவின் அம்மா பேச்சியம்மா விண்ணப்பத்தோடு மூன்று நாள் வரிசையில் நின்றாள். அறக்கட்டளையின் மேலாளர் ஒரு கொக்கு.

"வீடு சொந்தமா, வாடகையா?" என்றது கொக்கு.

"வளைங்கய்யா. பாம்பு காலி பண்ணிட்டுப் போனது."

"ஆட்சேபணை இல்லைன்னு பாம்புகிட்ட கடிதம் வாங்கிட்டு வா."

வாங்கிக்கொண்டு வந்தாள். எப்படி வாங்கினாள் என்பது தனிக்கதை, உயிரோடு வந்தாளே, அதுவே பெரிசு. இத்தனை பாடும் பேஸ்பாலுக்காக இல்லை. விளையாடும் பிள்ளைகளுக்குத் தினமும் வீட்டுக்கு ஒரு பெரிய பொட்டலம் சுண்டல் என்று விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பட்டுவுக்குக் கீழே நாலு தம்பிகள். அந்த வருஷம் மழை பொய்த்ததில் மண்ணைக் கிளறினால் புழுகூடக் கிடைக்கவில்லை.

சாமான்கள் வந்து இறங்கின. மட்டையில் உச்சியிலிருந்து கைப்பிடிவரை, "உபயம்: வள்ளல், தேன்செல்வர், கரடியார் அவர்கள், தம் தகப்பனார் நினைவாக" என்று எழுதியிருந்தது. கையுறைக்குள்ளே கரடியார் சிரித்துக்கொண்டிருந்தார். பந்தின் ஒரு பக்கம் அவர் முகமும் பெயரும், மறுபக்கம் அவர் சம்சாரம், தையல் ஓரமாக மருமகப்பிள்ளைகள். கடுகு வைக்கக்கூட வெள்ளை இடம் இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பேச்சியம்மா வாங்கி வைத்துக்கொண்டாள்.

கொக்கு ஒற்றைக்காலில் நின்று விதிகளை வாசித்தது. பெயர் அழியக் கூடாது. முகத்தில் மண் ஒட்டக் கூடாது. எக்காரணம் கொண்டும் ஐயா முகத்தில் மட்டை படக் கூடாது. மீறினால் சாமானும் போகும், சுண்டலும் போகும்.

"அப்ப பந்த எதக் கொண்டு அடிக்க?" என்று கேட்டாள் பட்டு.

"பந்தை எதுக்கு அடிக்கணும்?" என்று கொக்கு பதறியது. "எவ்வளவு மரியாதைப்பட்ட பந்து!"

அன்றிலிருந்து அந்தக் காட்டில் பேஸ்பால் இப்படித்தான் நடந்தது. எறிகிற அணில், பந்தை ஆமணக்கு இலையில் வைத்து இரண்டு கையாலும் ஏந்தி நடந்துவரும். அடிக்க நிற்பவர் மட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பந்துக்கு ஒரு கும்பிடு போடுவார். பின்னால் நிற்கும் உடும்பு, பந்துக்கு ஒரு பூவைச் சூட்டிக் கையுறையில் வாங்கிக்கொள்ளும். பிறகு எல்லாரும் ஒரு சுற்று ஓடுவார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நடுவர் ஓணான், தும்மினவருக்கெல்லாம் அவுட் கொடுத்தது. சுண்டல் மட்டும் நன்றாக இருந்தது, தேங்காய்கூடப் போட்டிருந்தார்கள்.

பட்டுவுக்குத்தான் பொறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததிலேயே அருமையான மட்டை அது. அதை வைத்துக்கொண்டு கும்பிடு போடச் சொன்னால்?

"அம்மா, கை ஊறுதும்மா. ஒரே ஒரு தடவ அடிச்சுக்கிடுதேன்."

"ஏட்டி, ஊறுனா மண்ணுல போட்டுத் தேயி. சுண்டல் நின்னுச்சுன்னா ஒந் தம்பிமாருக்கு மண்ணையா அள்ளிக் குடுக்க?"

பட்டு கையை மண்ணில் தேய்த்தாள். ஊறல் அடங்கவில்லை.

மாதக் கடைசியில் கரடியார் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். மாலை, மேளம், படம் பிடிக்க இரண்டு குரங்கு. முதல் பந்தை வள்ளலே வீசித் தொடங்கிவைப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. விதிகளை வாசித்துக் காட்டியது பிள்ளைகளுக்கு மட்டும்தான், வள்ளலுக்கு அல்ல. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தை ஓங்கி வீசினார்.

சிரித்த முகத்தோடு பந்து பறந்து வந்தது. மட்டையோடு நின்ற பட்டு கும்பிடத்தான் நினைத்தாள். கை கேட்கவில்லை.

பளார்!

கன்னத்தில் விழுந்தால் வருமே, அதே சத்தம். கரடியார் தம் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பந்து பனைகளைத் தாண்டி, தேரியைத் தாண்டி, கிழக்கே கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய் மறைந்தது. பிறந்ததிலிருந்து பட்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பிறகு தம்பிகள் ஞாபகம் வந்தது, மட்டையை மெல்லக் கீழே வைத்தாள்.

"கட்டு எல்லாத்தையும்!" என்று கரடியார் உறுமினார். கொக்கு, உடும்பின் வாயில் கிடந்த கடைசிச் சுண்டலைக்கூடக் கொத்தி எடுத்தது.

பேச்சியம்மா அவர் காலில் விழுந்தாள். "ஐயா, சின்னப்புள்ள, தெரியாம கை பட்டுட்டு."

"தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றாள் பட்டு. "எனக்கு மட்டும் சுண்டல நிறுத்திக்கோங்க. தம்பிமாருக்குக் குடுத்துருங்க."

கரடியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமானெல்லாம் வண்டியில் ஏறியது. வண்டி நகரப்போகும் நேரத்தில், கிழக்கேயிருந்து மூன்று கௌதாரிகள் புழுதி பறக்க ஓடிவந்தன. முன்னால் வந்தது தலையில் ஒரு தட்டைச் சுமந்திருந்தது. தட்டில் பந்து. பந்துக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

"இந்தச் சாமி இங்கயிருந்தா வந்துச்சு?" என்று கௌதாரி மூச்சு வாங்கக் கேட்டது. "வானத்துலயிருந்து விழுந்துச்சு. எங்க ஊரே கூடிட்டு. பேரு கரடியார்னு எழுதியிருக்கு, எல்லாரும் வாசிச்சோம். என்ன படையல் வைக்கணும், தேனா, பொங்கலா?"

கரடியார் வண்டியை நிறுத்தச் சொன்னார். கிழக்குக் காட்டில் தம்மைத் தெரியவைக்க மூன்று வருஷமாகச் சுவர் சுவராகப் பெயர் எழுதியவர் அவர். ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவர் பட்டுவைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து, தேன் வழியும் குரலில் கேட்டார்:

"பாப்பா, மேற்கே அடிக்க வருமா?"

மறுநாள் பத்து வண்டிப் பந்து வந்தது. முகத்தை இன்னும் பெரிசாக அச்சடித்திருந்தார்கள். விதிகளைக் கொக்கு திருத்தி வாசித்தது, இப்போது அடிக்காதவருக்குத்தான் சுண்டல் இல்லை. அணிலும் உடும்பும் கும்பிடுவதை விட்டுவிட்டு வெளுத்து வாங்கின. பட்டு ஒரு நாளைக்கு நாற்பது அடி அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் தம்பிகள் வாயில் சுண்டலோடு கத்தினார்கள். எட்டுத் திசையிலும் கரடியாருக்குக் கோயில் எழும்பியது. அவரும் தினமும் காலையில் வந்து நிழலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் பலமா, பாப்பா! மூக்கிலேயே படட்டும்!" என்று உற்சாகப்படுத்தினார்.

நீதி: வள்ளலின் முகத்தில் அறைவது தவறில்லை, அவர் பெயர் பரவும் திசை பார்த்து அறைய வேண்டும்.