நுகராப் பொருள்: கடலை நூறு

"எண்ணுறதுக்குக் கை வேணும் தம்பி, எண்ணி முடிச்சதுக்கு அப்புறம்…"

இதற்கு மேல் யானையம்மா என்ன சொன்னார் என்பது சடையப்பனுக்கு நினைவில்லை. அது அந்த அம்மாளின் பணிநிறைவு விழா. சடையப்பனுக்கு முன்னால் முப்பது வருஷம் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர், மைக்கைத் துதிக்கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேசினார். அதே நேரம் பின்வரிசையில் குரங்குகள் மிக்சர் பொட்டலத்துக்கு அடித்துக்கொண்டன. வாக்கியத்தின் பின்பாதி அந்தக் களேபரத்தில் போய்விட்டது.

இதெல்லாம் நடந்தது ஒரு காட்டில். வரைபடத்தில் விரலை வைத்தால் விரலுக்கடியில் மறைந்துவிடுகிற அளவுக்குத்தான் காடு. ஆனாலும் அதற்கு ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. பள்ளிக்கு ஒரு கூரை, கூரைக்குக் கீழே பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு வாத்தியார். கரடியான சடையப்பன்தான் அந்த வாத்தியார்.

சடையப்பன் வெளியூர் போய்த் திரும்பியவர். இருபது வருஷம் ஒரு சர்க்கஸில் கணக்குப் போடும் கரடியாக இருந்தார். "மூணும் நாலும் எத்தனை?" என்று மாஸ்டர் கேட்பார். சடையப்பன் முரசை அடிப்பார். ஏழாவது அடியில் மாஸ்டர் சங்கிலியை லேசாகச் சுண்டுவார். கூட்டம் கை தட்டும். ஏழு என்றால் என்ன என்று அந்த இருபது வருஷமும் சடையப்பனுக்குத் தெரியாது. நகரத்து மொழி, காட்டு மொழி இரண்டும் தெரிந்தவர் என்பதால் ஊர் திரும்பியதும் வாத்தியார் வேலை கிடைத்தது. தன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்காவது ஏழு என்பது ஏழாகவே விளங்க வேண்டும் என்று மட்டும் அவர் மனசுக்குள் வைத்திருந்தார்.

அந்த வருஷம் மரவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் பிள்ளைகள் கணக்கைக் காதால் கற்கக் கூடாது, கையால் கற்க வேண்டும். திட்டத்தின் பெயர் 'தொட்டுத் தெளி'. சுற்றறிக்கையைப் படித்தபோது சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கக் காகிதத்தைப் படித்து அந்தக் காட்டில் யாருக்கும் கண் கலங்கியதில்லை, வேறு காரணங்களுக்காகத் தவிர.

மறுவாரம் கழுதை ஒரு பெட்டியைச் சுமந்து வந்து இறக்கியது.

"கையெழுத்தைப் போடுங்க சார், அப்புறம் சீலை உடைங்க."

"உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் போடுறேனே."

"சீல் உடைச்ச பெட்டிக்குக் கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு உத்தரவு சார். நான் சுமக்கிறவன். நீங்க படிச்சவங்க."

சடையப்பன் கையெழுத்துப் போட்டார். மூடியின் உட்புறத்தில் பட்டியல் ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சிக் கட்டு பத்து. அரை, கால் என்று பிரிக்கக்கூடிய மரத்தோசை ஒன்று. தராசு ஒன்று. உள்ளூர்ப் பொருளுக்கு முன்னுரிமை என்ற கொள்கையின்படி, எண்ணிப் பழக வேர்க்கடலை நூறு. எல்லாவற்றுக்கும் நேரே ஒரே குறிப்பு: 'நுகராப் பொருள்', அதாவது பயன்படுத்தினாலும் தீர்ந்துபோகக் கூடாதது.

பட்டியலுக்குக் கீழே நிபந்தனைகள். பெட்டியைப் பயன்படுத்துகிற படம் தினமும் பதினோரு மணிக்குள் செயலியில் ஏற வேண்டும். ஒரு மாதம் கழித்து ஆய்வு. பதினைந்து பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளியில் ஒரு பொருள் குறைந்தாலும், அந்தப் பள்ளி அக்கரைப் பள்ளியோடு இணைக்கப்படும்.

அக்கரைக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆற்றில் மூன்று முதலைகள். அவை பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அவற்றுக்கு அத்துப்படி.

முதல் நாள் சடையப்பன் ஐந்து கடலையை வரிசையாக வைத்தார். முன்வரிசையில் மின்னல்கொடி உட்கார்ந்திருந்தாள். அணில் வீட்டுப் பிள்ளை. வால் ஒரு இடத்தில் நிற்காது.

"அஞ்சு கடலை இருக்கு. அதுல ரெண்டை எடுத்துட்டா?"

மின்னல்கொடி இரண்டை எடுத்தாள். 'கடக்' என்று ஒரு சத்தம், இன்னொரு சத்தம்.

"மூணு சார்."

"ஏட்டி, எடுத்தான்னுதானே சொன்னேன்? தின்னான்னா சொன்னேன்?"

"எடுத்து வேற எங்க சார் வைக்கிறது?"

சடையப்பனுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வகுப்பைப் பார்த்தார். பன்னிரண்டு பிள்ளைகளும் மிச்சமிருந்த மூன்றையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று என்பது மூன்றுதான், ஐந்து இல்லை, அது இனி ஐந்தாகவே ஆகாது என்கிற துக்கம் எல்லா முகத்திலும் இருந்தது. கழித்தல் இப்படி ஒரு வகுப்புக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கி அவர் பார்த்ததில்லை. சர்க்கஸில் இருபது வருஷத்தில் அவருக்கே விளங்காதது.

அன்றிலிருந்து பாடம் அப்படியே நடந்தது. பங்கு போடும்போது முள்ளம்பன்றிப் பிள்ளை ஒரு கடலையைக் கூடுதலாக எடுக்கப் பார்த்ததில், வகுத்தலும் மீதியும் கைகலப்போடு விளங்கின. ஓட்டை உடைத்தால் உள்ளே இரண்டு பருப்பு. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. அரை என்பது முடிந்தது. மரத்தோசையைப் பிள்ளைகள் ஒரு நாள் மோந்து பார்த்ததோடு சரி. கூட்டல் மட்டும் கடலையில் வரவில்லை, ஏனென்றால் யாரும் கடலையைத் திருப்பி வைப்பதில்லை. அதைச் சத்துணவு சமைக்கிற எருமை பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு கரண்டி போட்டாச்சு. இன்னும் ஒண்ணு வேணும்னா மொத்தம் எத்தனைன்னு சொல்லுட்டி, அப்பத்தான் கரண்டி கீழ வரும்." மூன்றாம் நாளே வரிசை முழுக்கக் கூட்டியது.

பாடம் தொடங்கும்போது சடையப்பனும் தினம் ஒரு கடலையைச் செய்துகாட்டுவார். "பாருங்க, ஒண்ணு இருந்துச்சு… இப்ப இல்ல." இது போதனை முறை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கடலை நல்ல வறுவல்.

மாதத்தின் நடுவில் தலைமையாசிரியர் கூட்டம் நடந்தது. அக்கரைப் பள்ளியின் மயிலுக்கு முன்மாதிரி ஆசிரியர் என்று சால்வை போட்டார்கள். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது சடையப்பன் மெதுவாகக் கேட்டார்.

"உங்க பள்ளியில கடலை எவ்வளவு மிச்சம் இருக்கு சார்?"

"எங்க பெட்டியில சீலே உடைக்கலையே," என்றது மயில்.

"அப்ப தினமும் படம்?"

"பிள்ளைங்க பெட்டி மேல கைய வைக்கிறாங்க. நான் தோகையை விரிச்சுப் பின்னால நிக்கிறேன். படம் பிரமாதமா வருது. நீங்க… உடைச்சுட்டீங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் தேநீர்க் குவளையோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் பெட்டியில் பாதி இல்லை. நிறுத்திவிடலாம் என்றுதான் சடையப்பன் நினைத்தார். ஆனால் மறுநாள் காலை, அதுவரை வாயே திறக்காத ஆமைப் பிள்ளை மாடசாமி எழுந்து நின்றான். "சார், நேத்து நீங்க கூட்டத்துக்குப் போனதால பாடம் இல்ல. எனக்கு ஒரு கடலை பாக்கி." கேட்டுவிட்டு, அதற்கான காரணத்தையும் கால்மணி நேரம் நிதானமாகக் கணக்குப் போட்டு விளக்கினான். ஒரு இடத்திலும் தப்பவில்லை. சடையப்பன் பெட்டியைத் திறந்தார்.

ஆய்வு நாள் வந்தது. மரவட்டக் கல்வி அதிகாரியான நரி பரமகுரு, இரண்டு முயல்கள் இழுத்த வண்டியில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தார். ஈர்க்குச்சி பத்துக் கட்டு. மரத்தோசை, தராசு. மூலையில் கொஞ்சம் கடலைத் தோல்.

"கடலை எங்க சடையப்பன்?"

"தேய்மானம் ஐயா."

"கடலைக்குத் தேய்மானமா? நுகராப் பொருள்னு போட்டிருக்கு, எழுத்து தெரியுதுல்ல?"

"ஐயா, கடலை போனது நிஜம். ஆனா கணக்கு வந்திருக்கு. பிள்ளைங்கள ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

பரமகுரு கேட்டார். ஒன்பதில் நாலு போனால்? பதினேழை நாலு பேருக்குப் பங்கிட்டால்? அரையில் பாதி? கேள்வி முடியும் முன்னே பதில் வந்தது. அவர் தலையாட்டினார்.

"எல்லாம் சரிதான். ஆனா சரியான விடைக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

அவர் இணைப்புப் படிவத்தை வெளியே எடுத்தார். வாசலில் கரண்டியோடு நின்ற பேச்சியம்மாள், "ஆத்துல முதலை மூணு ஐயா. அதுல ஒண்ணைக் கழிச்சுக் குடுத்துட்டு அப்புறம் பிள்ளைகளை அனுப்பச் சொல்லுங்க," என்றாள்.

"அது வேற துறை," என்றார் பரமகுரு. பிறகு சடையப்பன் பக்கம் திரும்பினார். "நூறு கடலையையும் நீங்கதானே தின்னீங்க? ஒத்துக்கிடுங்க. எழுதுறதுக்குச் சுலபமா இருக்கும்."

"இல்ல ஐயா," என்று ஒரு குரல் வந்தது. மாடசாமி எழுந்துகொண்டிருந்தான். முழுக்க எழ நேரமெடுத்ததால் குரல் முதலில் வந்துவிட்டது. "நாங்க பன்னெண்டு பேரு. ஆளுக்கு ஆறு தின்னோம். ஆறு ஆறாக் கூட்டினா எழுபத்திரண்டு. வாத்தியார் தினம் ஒண்ணு. பள்ளிக்கூடம் நடந்தது இருபது நாளு. இருபது."

சடையப்பன் கூரையைப் பார்த்தார்.

"ஆக மொத்தம் தொண்ணூத்திரண்டு," என்றாள் மின்னல்கொடி. "நூறுல தொண்ணூத்திரண்டு போனா எட்டு. அந்த எட்டு எங்களுக்கு வரவே இல்ல ஐயா. பெட்டி திறந்த அன்னைக்கே எண்ணிட்டோம். அது சீல் வைக்கும் முன்னாடியே போயிருக்கு." வால் ஒருமுறை சுழன்றது. "சீல் யாரு வைக்கிறது ஐயா?"

"அலுவலகத்துல, என் மேற்பார்வையில," என்றார் பரமகுரு வழக்கமான பெருமையோடு. சொல்லி முடித்த பிறகுதான் மீசை ஆடியது.

"மொத்தம் எத்தனை பள்ளிக்கூடம் ஐயா?"

"நாற்…" என்று தொடங்கி நிறுத்தினார். நிறுத்தி என்ன, சுற்றறிக்கையின் தலைப்பிலேயே இருந்தது: நாற்பது பள்ளிகள்.

மாடசாமிக்குப் பெருக்கல் இன்னும் நடத்தவில்லை. அதனால் அவன் ஈர்க்குச்சிக் கட்டைப் பிரித்தான். பள்ளிக்கு ஒரு குச்சி, குச்சிக்கு எட்டு. "எட்டு… பதினாறு… இருபத்திநாலு…" என்று சத்தமாகக் கூட்டத் தொடங்கினான். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். வண்டிக்கார முயல்கள் இரண்டும் காதைத் தூக்கி வாசலுக்கு வந்தன. அவற்றின் பிள்ளைகளும் நாற்பதில் ஒரு பள்ளியில் படிப்பவை.

பரமகுரு சடையப்பனைத் தோளைப் பிடித்துக் கரும்பலகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இதுவா வேய் நீரு சொல்லிக்குடுத்தது?"

"கணக்கு ஐயா."

"கணக்கு சொல்லிக்குடுக்கத்தான் சொன்னோம். கணக்குப் பார்க்கவா சொன்னோம்?"

"நூத்தி நாலு… நூத்திப் பன்னெண்டு…"

நரி இன்னொரு படிவத்தை உருவினார். அதில் எல்லாம் அச்சடித்தே இருந்தது: 'பெட்டி சேதமின்றி உள்ளது. பொருட்கள் முழுமை.' "நாளைக்கே சீல் வச்ச புதுப் பெட்டி வரும். உடைக்கப்படாது. பிள்ளைக பெட்டி மேல கைய வைக்கட்டும், வாய்ப்பாடு ஒப்பிக்கட்டும், படம் எடுத்துப் போடும். பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கும். இல்லேன்னா மொதப் படிவம். எதுல கையெழுத்துன்னு நீரே சொல்லும்."

"பிள்ளைங்க படிச்சது ஐயா?"

"கோடை லீவு எதுக்கு விடுறோம்? மறந்துரும்."

"இருநூத்தி எட்டு… இருநூத்திப் பதினாறு…"

சடையப்பன் பேச்சியம்மாளைப் பார்த்தார். அவள் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாடசாமியைப் பார்த்தார். அந்தப் பிள்ளை ஒவ்வொரு குச்சியையும் கீழே வைத்து, அது சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்து, அதன் பிறகே அடுத்ததை எடுத்தது. அதற்கு எட்டு என்றால் எட்டாகவே விளங்கியிருந்தது. ஏழும் அப்படித்தான் விளங்கியிருக்கும்.

"ஐயா, நான் தின்ன இருபதை எழுதிக்கோங்க. என்னை வேற காட்டுக்கு மாத்துங்க. பிள்ளைங்களை இப்படியே விட்டுருங்க."

"உம்ம இருபதை எழுதினா எட்டையும் எழுதணுமே வேய். இருபது மட்டும் தனியா நிக்காது. உம்ம பிள்ளைகதான் கூட்டிக் காட்டிருச்சே."

"இருநூத்தி எண்பது… இருநூத்தி எண்பத்தெட்டு…"

முயல் ஒன்று வாசற்படி தாண்டி உள்ளே வந்து, எண்ணுகிற பிள்ளையின் பின்னால் நின்றது. மற்றது வண்டியை அவிழ்த்துவிட்டிருந்தது. நரி பேனாவைத் திறந்து நீட்டினார்.

"முன்னூத்தி நாலு… முன்னூத்திப் பன்னெண்டு…"

தரையில் முப்பத்தொன்பது குச்சிகள் இருந்தன. மாடசாமி நாற்பதாவதை எடுத்தான்.

சடையப்பன் இரண்டாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மாடசாமி, போதும், உட்காரு," என்றார்.

நீதி: எண்ணத் தெரிந்த பிள்ளைகளுக்கு முன்னால் கடலை தின்னாதே, தின்றே ஆக வேண்டுமென்றால், எண்ணக் கற்றுக்கொடுக்காதே.