சோடியத்தையும் குளோரினையும் ஒரே அறையில் போட்டவர்

ஆளைப் பார்த்ததும் ஜாதகம் சொல்கிறவர்கள் பெரம்பலூரில் நிறைய உண்டு. ஆளைப் பார்த்ததும் அணு எண் சொன்னவர் டேபிள் டீச்சர் ஒருவர்தான்.

குன்னம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் எடுத்தார். நான் டவுனில் ஓர் ஆபீஸில் டைப் அடித்தேன். இருவரும் ஒரே பெண்கள் விடுதியில் இருந்தோம். சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் இடச்சண்டை. யார் எங்கே உட்காருவது என்பதை வார்டன் இவர் பொறுப்பில் விட்டதுதான் வினை.

மறுநாளே கூடம் தனிம வரிசை அட்டவணை ஆகிவிட்டது. ஒரே குணமுள்ளவர்கள் ஒரே தொகுதி என்றார். தண்ணீர் பட்டால் வெடிப்பவர்கள் இடது ஓர மேசைக்கு. குழாயடியில் தினமும் சண்டை போடும் அரியலூர் செல்வி, சோடியம். வலது ஓரம் யாரோடும் சேராத மந்த வாயுக்களுக்கு. லப்பைக்குடிக்காடு ஜீனத் அங்கே உட்கார்ந்து, துபாய்க் கணவரோடு வீடியோ காலிலேயே சாப்பிட்டு முடிப்பாள். அதற்கு முந்தின மேசையில் கோகிலா. அவள் பேசினால் எதிரே இருப்பவர்களுக்குக் கண் எரியும், அதனால் குளோரின். நான் நடுவில், இரும்பு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அவர் விளக்கும்வரை.

ஒருநாள் கொடியில் காய்ந்த கோகிலாவின் துணியைத் தள்ளிவிட்டுச் செல்வி தன் துணியைப் போட்டாள். கோகிலா எறிந்த வாளி வார்டன் காலில் விழுந்தது. இருவரும் காலிசெய்ய வேண்டும் என்றார் வார்டன். கோகிலா வெளுத்துப்போனாள். விடுதி போனால் வேலையும் போச்சு. கல்யாணம் பண்ணி அனுப்ப அவள் வீட்டார் அரும்பாவூரில் ஆள் பார்த்து வைத்திருந்தார்கள்.

டீச்சர் குறுக்கே போய் நின்றார். "ரெண்டையும் ஒரே ரூம்ல போடுங்க மேடம். தனித்தனியா இருந்தா ரெண்டும் ஆபத்து. சேந்துட்டா சோத்து உப்பு."

வார்டன் ஒரு வாரம் தவணை கொடுத்தார். கொலை விழும் என்று நாங்கள் வராண்டாவில் காத்திருந்தோம். உள்ளே இருந்து குசுகுசுப்புதான் கேட்டது. வாரக் கடைசியில் இருவரும் கைகோத்து வந்து வார்டனிடம் புகார் கொடுத்தார்கள், டீச்சர் மேல். மனுஷிகளை இப்படிப் பிரித்து உட்கார வைப்பது அநியாயமாம். வார்டன் அட்டவணையை ரத்து செய்தார்.

டீச்சர் அழுவார் என்று பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, உப்பாயிட்டாளுவ" என்று என் கையைக் கிள்ளினார்.

அன்று மதியம் எல்லோரும் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். டீச்சர் மட்டும் தட்டோடு நின்றார். எங்களுக்கெல்லாம் இடம் போட்டவர் தனக்கு ஒன்று போட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் எங்களை மேய்த்தபடி நின்றேதான் சாப்பிட்டிருக்கிறார். அவர் எந்தத் தனிமம் என்று கேட்டேன்.

"ஹைட்ரஜன். அத எங்க வைக்கிறதுன்னு இன்னமும் தகராறுதான்."

கோகிலா ஒரு பக்கம் நகர்ந்தாள். செல்வி மறுபக்கம் நகர்ந்தாள். "இங்க வந்து குந்துங்க டீச்சர், சோறு ஆறுது" என்றாள்.

அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரொம்ப மெதுவாகச் சாப்பிடுகிறவர். அவர் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.