எமென்டாலும் ஸ்டாச்சு ஏற்றமும்

பொய் சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. சொன்ன பொய்க்காக ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தெருவில் நிற்பதுதான் கஷ்டம். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச முடியாது.

நான் கரமனைக்காரன், மலையாள தேசத்துத் தமிழன். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. எங்களுக்கு வேலை கொடுத்திருந்த சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் மேலாளர் பெயர் உர்ஸ். திங்கட்கிழமை தோறும் வீடியோ மீட்டிங் நடக்கும். அதில் வேலைப் பேச்சு பத்து நிமிஷம், உர்ஸின் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சவாரி இருபது நிமிஷம். பெர்ன் நகருக்குக் கிழக்கே எமென்டால் என்று மேடும் பள்ளமுமாக ஒரு நாட்டுப்புறம் இருக்கிறது. பச்சைக் குன்று, பால் பண்ணை, பெரிய கூரை போட்ட வீடு, மறுபடியும் பச்சைக் குன்று. அங்கே அவர் சைக்கிள் மிதிக்காத பாதை கிடையாது.

எங்கள் டீமிலிருந்து ஒருவரை இரண்டு வருஷத்துக்குப் பெர்னுக்கு அனுப்பப் போகிறார்கள், ஆளைப் பொறுக்குவது உர்ஸ்தான் என்று தெரிந்த அன்று, என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. "நானும் சைக்கிள் ஓட்டுவேன்" என்றேன்.

(பொய்யில்லை. எட்டாம் வகுப்பு வரை ஓட்டியிருக்கிறேன்.)

அதோடு நிறுத்தினேனா? யாரோ ஒரு புண்ணியவான் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு எமென்டால் பாதைகளை முழுக்க முழுக்கப் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தான். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். கட்டிலில் சாய்ந்து, வயிற்றின் மேல் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டே மாதத்தில் எமென்டாலின் வளைவுகள் எனக்கு மனப்பாடம். ஒரு மீட்டிங்கில் உர்ஸையே திருத்தினேன். "அந்தச் சர்ச்சுக்குப் பக்கத்துப் பிரிவில் நீங்கள் இடதுபக்கம் போயிருக்கிறீர்கள். வலதுபக்கம் போயிருந்தால் ஏற்றம் பாதிதான். மரத்தொட்டியில் குடிதண்ணீரும் உண்டு" என்றேன். அவர் அசந்துவிட்டார். அடுத்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீ சொன்னது சரி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பின்னால் முப்பத்துநாலு பல் கியர்ச் சக்கரம் இருந்தால் எந்த ஏற்றமும் எனக்கு ஏற்றமே இல்லை" என்று சேர்த்து அடித்துவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் பெர்னுக்கே போய்விட்ட மாதிரிதான். என் மனைவி லலிதா சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மூன்று குரங்குக் குல்லா வாங்கி வந்தாள். எங்கள் பெண் அச்சு, பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பனி பார்க்கப் போகிறேன் என்று சொல்லி வைத்தாள். எனக்கும் ஆசை இருந்தது. பதினெட்டு வருஷமாக அந்த ஆபீஸில் மற்றவர்களை விமானமேற்றி விட்டவன் நான். இந்த ஒரு தடவை என்னை யாராவது ஏற்றி விட மாட்டார்களா என்று ஏங்கினேன்.

அப்போதுதான் உர்ஸ் கடிதம் அனுப்பினார். நேரில் வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் சைக்கிளில் பொன்முடி ஏறுகிறோமாம். தனக்கு வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிவிட்டாராம்.

பொன்முடி எங்கள் ஊரிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர். கடைசியில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. நான் அங்கே காரில் போனபோதே எனக்கு மூச்சு வாங்கியிருக்கிறது.

சைக்கிளுக்குப் பிஜோயைப் பிடித்தேன். என் டீம்தான், முப்பது வயது, மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டான். ஆனால் நிஜமாகவே சைக்கிள் ஓட்டுகிறவன். அவனிடம் கார்பனில் செய்த பந்தய சைக்கிள் இருந்தது. ஒரு விரலால் தூக்கிவிடலாம். கொடுக்கும்போது அவனுக்குக் கண் கலங்கியது. "சேட்டா, சூக்ஷிக்கணே. டயர் வளரெ நேர்த்ததாணு" என்றான். டயர் ரொம்ப மெல்லியது, பத்திரம் என்று அர்த்தம். நான் அவன் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

லலிதா விடவில்லை. "வண்டியைப் பழவங்காடி பிள்ளையார்ட்ட காட்டாம எடுக்கப்படாது."

"புது வண்டி இல்லடி. பிஜோயோடது."

"நமக்குப் புதுசுதானே? பிஜோய்ட்ட நட்சத்திரம் கேட்டாச்சு. திருவாதிரையாக்கும்."

ஞாயிறு காலை ஆறு மணி. பழவங்காடியில் வழக்கம்போல் தேங்காய்கள் உடைந்துகொண்டிருந்தன. உர்ஸ் முழங்கால் தெரியும் கறுப்பு உடையில் வந்து, இது என்ன சத்தம் என்று மரியாதையாகக் கேட்டார். காரியம் தடையில்லாமல் நடப்பதற்கு என்றேன். பூஜை செய்த போற்றி, "ஆரோட வண்டி?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் "பிஜோய், திருவாதிரை" என்றேன். (அந்த இரண்டு மாதத்தில் சைக்கிள் விஷயமாக நான் சொன்ன ஒரே உண்மை.) ஹாண்டில்பாரில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிப்பூ. லலிதா இரண்டு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் ஒரு தேங்காயை ஓங்கி உடைத்தேன். "பிள்ளையாரே, அந்தப் பெர்ன் வேலை மட்டும் கிடைத்துவிடட்டும்" என்று வேண்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளி எலுமிச்சம்பழத்தை நசுக்கினேன். நசுக்கின வேகத்தில், கீழே சிதறிக் கிடந்த சிரட்டைத் துண்டுகள் மேலேயும் ஏற்றிவிட்டேன்.

டப். ஒரு நொடி கழித்து இன்னொரு டப்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டு டயரும் போச்சு, இனிமேல் பொன்முடியாவது ஒன்றாவது! முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அடடா, இன்றைக்கு முடியாது போலிருக்கிறதே" என்றேன். உர்ஸ் சிரித்தபடி முதுகுப் பையிலிருந்து இரண்டு புது ட்யூப் எடுத்தார். "நீ முன்சக்கரம், நான் பின்சக்கரம்" என்றார்.

சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று அந்த மூன்று மணி நேரப் படங்களில் ஒருத்தரும் காட்டவில்லை. நான் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அவரே இரண்டையும் மாட்டினார். "எத்தனை வருஷமாக ஓட்டுகிறாய்?" என்று மட்டும் கேட்டார். மல்லிப்பூவைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கிளம்பினோம். ஓவர்பிரிட்ஜ் வரை நன்றாகத்தான் போனேன். அதற்கப்புறம்தான் ஒன்று தெரிந்தது. ஆயுர்வேதக் கல்லூரியிலிருந்து ஸ்டாச்சு சந்திப்பு வரை சாலை ஏற்றம்! பிறந்ததிலிருந்து பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் போய் வந்த சாலை. ஒருநாளும் ஏற்றமாகப் பட்டதில்லை. பாதி வழியில், புளிமூட்டில் தொடை நடுங்க ஆரம்பித்தது. வாயில் இரும்பு ருசி. பக்கத்தில் உர்ஸ் விசிலடித்துக்கொண்டு வந்தார். "இப்போதுதான் உன் முப்பத்துநாலு பல்லுக்கு வேலை. கியரை மாற்று" என்றார்.

கியர் எங்கே இருக்கிறது? எட்டாம் வகுப்பு சைக்கிளில் அது கிடையாது. பந்தய சைக்கிளில் பிரேக் பிடியையே பக்கவாட்டில் தள்ளினால் கியர் மாறுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? அகப்பட்டதைப் பிடித்து அழுத்தினேன். ஏற்றத்தில் பிரேக். வண்டி அப்படியே நின்றது. நானும் அது மேலேயே ஒரு நொடி நின்றேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, மெதுவாக, இடதுபக்கம் சாய்ந்தோம். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "அய்யோ, ஸ்வாமி வீணு!" என்று கத்தினார். சாமி விழுந்துவிட்டாராம். எழுந்து ஓடி வந்தார்.

பழவங்காடியிலிருந்து அது ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது.

பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு. அவமானம் தாங்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கட்டில், முறுக்கு, எட்டாம் வகுப்பு, எல்லாம். உர்ஸ் கோபப்படவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அந்த மரத்தொட்டி?" என்று கேட்டார்.

"படத்தில் பார்த்தது."

"முப்பது வருஷமாக அந்தப் பிரிவில் நான் தப்பாகவே போய்க்கொண்டிருந்தேன்" என்று சொல்லித் தலையை ஆட்டினார்.

நான் லலிதாவுக்குச் சொல்ல, அவள் பிஜோய்க்குப் போன் செய்திருக்கிறாள். பிஜோய் பறந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை, நேராகப் போய் சைக்கிளைத் தடவினான். ஒரு கீறல்தான் என்று தெரிந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. உர்ஸ் அவனைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார். "நீ ஓட்டுவாயா?" என்றார். மல்லிப்பூவோடும் குங்குமத்தோடும் அந்தச் சைக்கிள் ஸ்டாச்சு ஏற்றத்தில் ஏறிப் போனதை டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர்கள் பொன்முடி உச்சி வரை போனார்கள். போகிற வழியெல்லாம் பிஜோய் பேசினானாம்.

பெர்னுக்குப் போனது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையார் இப்படிச் செய்துவிட்டாரே என்று லலிதாவிடம் புலம்பினேன்.

"அவரை ஏன் சொல்றேள்? பூஜை பிஜோய் பேர்லதானே பண்ணினோம்? நட்சத்திரம் சொல்லி, தேங்காயும் உடைச்சு. அவர் சரியாத்தான் கொடுத்திருக்கார்" என்றாள். மூன்று குல்லாவில் ஒன்றை அவனுக்கே கொடுத்தனுப்பினோம்.

அவன் போனது இரண்டு வருஷத்துக்கு. ஐந்து வருஷமாகியும் திரும்பி வரவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரமனையில் என் போன் அடிக்கும்.

"சேட்டா, இவிடெ ஒரு பால் பண்ணை. ரோடு ரெண்டாயிட்டு பிரியுது. இடத்தோட்டா, வலத்தோட்டா?"

கண்ணை மூடிக்கொள்வேன். "பண்ணைக்குப் பக்கத்துல சிவப்பு ஜன்னல் வச்ச வீடு இருக்கா? அப்போ வலதுபக்கம் போ. கொஞ்ச தூரத்துல காடு வரும். பயப்படாதே, அது தாண்டினா இறக்கம்தான்." இதுவரை ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

நான் போனை வைக்கிற வரைக்கும் அச்சு சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். உள்ளேயிருந்து லலிதாவின் குரல் வரும்.

"ஏன்னா, சுவிஸ்காராளுக்கு வழி சொல்லியாச்சுன்னா ஸ்டாச்சு வரைக்கும் போய் அச்சுவோட கண்ணாடியை வாங்கிண்டு வாங்கோ. ஆட்டோலயே போங்கோ, கேட்டேளா? ஏத்தமாக்கும்."