சம்பந்திகள் தூக்காத கை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதினால் இரண்டாவது வரியிலேயே அதை அடிக்க வேண்டிவரும் என்பதால் கொஞ்சம் பார்த்துத்தான் எழுதுகிறேன். உடம்பு எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. உங்கள் அப்பாவும் அம்மாவும் நலம். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். இந்த வீட்டில் நான் போனில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததாகச் சரித்திரம் கிடையாது, அதனால்தான் கடிதம். நீங்களோ வாடகை வீட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், ஆகவே ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறேன். தண்ணீர் இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டுப் படியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவுக்குப் பின்னால், ஊர்க்கோடியில், செங்கல் சூளைக்காரருடைய தரிசு நிலத்தில் புது வீடுகள் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள் அல்லவா, அதில் ஒரு வீடு உங்களுக்கும் என் மகளுக்கும் பேத்திக்கும் என்று நாம் எல்லோரும் வாய் வலிக்கப் பேசி வைத்திருந்தோமே, அந்தத் திட்டத்தை எங்கள் ஊராட்சி மன்றம் நிராகரித்துவிட்டது. மன்றத்தில் நாங்கள் ஏழு பேர். மூன்று பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. எதிர்த்த நான்கு பேரில் நான் ஒருவன். இன்னொருவர் உங்கள் அப்பா.

இந்த இடத்தில் நீங்கள் கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிடக் கூடாது. உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல வரவில்லை. அவர் பெரிய மனிதர். சம்பந்தி என்றால் இப்படி ஒருவர் வாய்க்க வேண்டும் என்று நான் வெளியில் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஆனால் அவர் மனதில் இருப்பதை வெளியே எடுப்பதற்குள் நமக்கு ஒரு வயது கூடிவிடுகிறது என்பதையும், நானும் அந்த விஷயத்தில் அவருக்கு இளைத்தவன் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, மரியாதையோடு அதையும் சொல்லத்தான் போகிறேன். தெருவிளக்குச் சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். விளக்கு எங்கள் தெருமுனையில் வேண்டும் என்று நானும், தன் மரக்கடை வாசலில் வேண்டும் என்று உங்கள் அப்பாவும் மன்றத்தில் எதிரும் புதிருமாக நின்றதில், கடைசியில் அதை இரண்டுக்கும் நடுவில் ஒரு வெறும் சுவருக்கு எதிரே நட்டார்கள். அந்தச் சுவர் இன்றைக்கும் பிரகாசமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வீட்டுப் பெண்களும் முகம் கொடுத்துப் பேசாமல் போய், அந்தப் புகைச்சல் போன் வழியாக உங்கள் வீடுவரை வந்து, என் மகள் அழுது, நீங்கள் லீவு போட்டுக் கிளம்பி வந்து என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னீர்களே, “மாமா, நீங்க ரெண்டு பேரும் அங்க முறைச்சுக்கிட்டா அது எங்க வீட்டுலதான் வந்து விடியுது. இனிமே அப்பா மனசு கோணாம நடந்துக்கங்க” என்று. நானும் தலையாட்டினேன். அதே வார்த்தையை அன்றைக்கே மரக்கடையில் போய் உங்கள் அப்பாவிடமும் சொல்லி அவரிடமும் தலையாட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். ஒரே மருந்தை இரண்டு நோயாளிக்கும் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குச் சொல்லியிருக்கலாம்.

இனி நடந்ததைக் கேளுங்கள். முதலில் மன்றத்து ஆட்கள் எல்லோரும் நிலத்தைப் பார்க்கப் போனோம். தலைவி, அதாவது நம் மருந்துக்கடை அம்மா, குடையோடு முன்னால் போனார். கட்டுபவர்கள் அனுப்பிய இன்ஜினியர் தம்பி ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார், காற்று அதை மடக்கியது, மறுபடியும் விரித்தார், மறுபடியும் மடக்கியது. கடைசியில் நான்கு மூலையையும் நான்கு உறுப்பினர்கள் பிடித்துக்கொள்ள, பார்க்க வேண்டிய ஆள் குறைந்துபோனது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரைபடத்தில் ஒரு கோடு தெரிந்தது. “இது என்ன தம்பி, எங்க சமையலறை ஜன்னலுக்கு நேரா சுவரா?” என்று கேட்டேன். மாப்பிள்ளை, அது ஒரு கேள்வி. டிப்போவில் முப்பது வருஷம் பஸ் போகிற நேரமும் வருகிற நேரமும் குறித்தவன் நான், எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தச் சுவர் உங்கள் வீட்டுச் சுவராக இருந்தால் ஜன்னல் வழியாகவே பேத்தியைக் கூப்பிடலாமே என்ற கணக்கில்தான் கேட்டேன். பக்கத்தில் வரைபடத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் அப்பாவோ, ஐயோ சம்பந்திக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வது இங்கேவரை கேட்கிறது.

அடுத்தது பொதுமக்கள் கருத்துக் கூட்டம். பள்ளிக்கூட ஹாலில் குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் ஊரே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. மன்ற உறுப்பினர்கள் முதலில் ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டும் என்று ஏற்பாடு. கணக்கு டீச்சர் எழுந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், வீடுகள் வந்தால் வகுப்புகள் பிழைக்கும் என்று நிதானமாகச் சொன்னார். பால் சங்கத்துக்காரரும் ஆதரவாகப் பேசினார், அவருக்குப் பால் விற்றாக வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்து, இருக்கிற முக்கிலேயே என் மாணவர்களால் வண்டியைத் திருப்ப முடியவில்லை, இன்னும் நாற்பது வண்டி வந்தால் என் கதி என்ன என்று கேட்டார். எல்லோரையும்விட அதிகம் கொதித்தவர் புதுவீட்டுக்காரர். உங்களுக்குத் தெரியுமே, இந்த ஊருக்குக் கடைசியாக வந்து கடைசியாக வீடு கட்டியவர், அதனாலேயே இன்னும் அந்தப் பெயர். “வெளியாளுங்க வந்தா இந்த ஊரோட அமைதியே போயிடும்” என்று மேஜையைத் தட்டினார். அவர் வீடு கட்டியபோது ராப்பகலாக ஓடிய கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் எங்கள் காதில் இன்னும் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நல்ல பழக்கமான மனிதர், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். உங்கள் அப்பா முறை வந்தபோது எழுந்து, தொண்டையைச் செருமி, நான் மரக்கடை வைத்திருப்பவன், வீடுகள் வந்தால் கதவும் ஜன்னலும் என் கடைக்குத்தான் வரும் என்று நாலு பேர் பேசுவார்கள், அதனால் நான் எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சரி, சம்பந்திக்குப் பேர் கெட்டுப்போகுமே என்று பயம், வீடுகள் வராமலிருந்தால் நிம்மதி என்று நினைக்கிறார் என நான் புரிந்துகொண்டேன். எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டேன் பாருங்கள்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் மனது கேட்காமல் மரக்கடைக்கே போனேன். அவர் மரம் இழைத்துக்கொண்டிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாளைய விஷயத்தில் உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டேன். உங்கள் அபிப்பிராயம் எதுவோ அதுதான் என்றார். இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் முதலில் சொல்லுங்கள் என்றார். இப்படியே இரண்டு டீ குடித்தோம். வாசலில் இரண்டு பேர் ஒருவரையொருவர் முதலில் உள்ளே போகச் சொல்லிக் கடைசியில் இருவருமே வெளியில் நின்றது போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம், சம்பந்திக்கு இதில் விருப்பமில்லை, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார் என்று சொன்னேன். “நீங்க கேட்டீங்களா?” என்றாள். கேட்டேன் என்றேன். பொய் இல்லை, கேட்கத்தான் செய்தேன்.

மறுநாள் மன்றக் கூடத்தில் எப்போதும் போல அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மின்விசிறி தாள்களைக் கிளப்ப, ஆளுக்கொரு கையால் தாளை அமுக்கிக்கொண்டு மறு கையை ஓட்டுக்கு வைத்திருந்தோம். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மருந்துக்கடை அம்மா. அவர் கை, டீச்சர் கை, பால்காரர் கை. நான் ஓரக்கண்ணால் உங்கள் அப்பாவின் கையைப் பார்த்தேன். அவர் ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தார். அவர் விரல்கள் தொடையில் லேசாக அசைந்தன. என் கையும் ஒரு சாண் எழும்பியது. சத்தியமாக எழும்பியது. அதற்குள் அவர் விரல்கள் நின்றுவிட்டன, என் கையை நான் காதைச் சொறியக் கொண்டுபோய்விட்டேன். எதிர்ப்பவர்கள் என்று கேட்டதும் புதுவீட்டுக்காரரும் டிரைவிங் ஸ்கூல்காரரும் தூக்க, உங்கள் அப்பா மனசு கோணக்கூடாது என்று நானும், என் மனசு கோணக்கூடாது என்று அவரும், சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் கை தூக்கினோம். இரண்டு சம்பந்திகளும் இப்படி ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை என்று புதுவீட்டுக்காரர் வந்து கை குலுக்கினார்.

வெளியே வந்து இரண்டு பேரும் நடந்தோம். மருந்துக்கடை தாண்டியதும் உங்கள் அப்பாதான் வாயைத் திறந்தார்.

“இப்ப உங்களுக்குத் திருப்திதானே சம்பந்தி?”

“எனக்கா? உங்களுக்காகத்தானே நான் கை தூக்கினேன்.”

“எனக்காகவா? எனக்கு எதுக்குங்க? என் பிள்ளை வர்றதுக்கு நானே குறுக்க நிப்பேனா?”

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே சாக்கை விலக்கிக் காட்டினார். ஒரு வாசற்கதவு. நல்ல தேக்கு. வழவழவென்று இழைத்து, கைப்பிடிக்கு இடம்விட்டு, பேத்தி எட்டுகிற உயரத்தில் தனியாக ஒரு சின்னக் கைப்பிடியும் வைத்திருந்தார். யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தாராம். வீடே இல்லாமல் ஒரு கதவு. அந்தச் சின்னக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். நானும் தினம் காலையில் நடக்கப் போகிற சாக்கில் அந்தத் தரிசில் மூலை மனையை அடியால் அளந்துவிட்டு வந்துகொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மரக்கட்டையின்மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரில் ஒருவருக்கு மரியாதை கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் உங்களுக்கு வீடு கிடைத்திருக்கும்.

அன்றைக்கே இருவரும் மருந்துக்கடைக்குப் போனோம். அம்மா ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, நிராகரித்த திட்டத்தை ஒரு வருஷத்துக்கு மறுபடியும் எடுக்க முடியாது, விதி அப்படி என்றார். பிறகு எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்து, தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். ஆகவே மாப்பிள்ளை, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஒரு வருஷத்துக்கு அவசரப்பட்டு அங்கே வீடு எதுவும் வாங்கிவிடாதீர்கள். இருக்கிற ஒற்றை அறையில் கொஞ்சம் சிரமப்பட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை நானும் உங்கள் அப்பாவும் இரண்டு கையையும் தூக்குகிறோம். தவறு எங்களுடையது, தண்டனை உங்களுக்கு. பெரியவன் என்று பார்க்காமல் மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உத்தியோகத்தில் உயர்வும், என் மகளுக்குப் பொறுமையும், பேத்திக்கு நல்ல பசியும் உண்டாகட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உங்கள் அத்தையும் வாழ்த்துகிறாள், என்னைத் தவிர எல்லோரையும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் என் மகளிடமிருந்து போன். உங்கள் அம்மா சொல்லி விஷயம் தெரிந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், “அப்பா, வருத்தப்படாதீங்க. நிஜத்தைச் சொன்னா எங்களுக்கு இப்பத்தான் மூச்சே வந்தது” என்றாள். உங்கள் வேலையும் அங்கேதான், அவள் வேலையும் அங்கேதான், குழந்தைக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்த்தாகிவிட்டது, இரண்டு அப்பாக்களும் அவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது மாட்டோம் என்று எப்படிச் சொல்வது என்றுதான் நீங்கள் இருவரும் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். நல்ல மாப்பிள்ளை நீங்கள், எங்கள் வீட்டுக்கு ஏற்றவர்தான். “அதனால என்னம்மா, எங்களுக்கும் அது ஒண்ணும் அவ்வளவு முக்கியமில்ல” என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்ததும் உங்கள் அத்தை என் முகத்தைப் பார்த்தாள். ஆகவே ஒரு வருஷம் காத்திருங்கள், வீடு வாங்காதீர்கள் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே வெளிச்சமான வீடாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் கடிதத்தை நான் கிழிக்கப் போவதில்லை. நீங்கள் மூன்று பேரும் இங்கே என் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது, மாப்பிள்ளை. இதை நான் மன்றத்தில் சொல்லவில்லை, உங்கள் அப்பாவிடம் சொல்லவில்லை, சற்றுமுன் என் மகள் போனில் பேசியபோதும் சொல்லவில்லை. படித்ததும் அவளிடம் கொடுங்கள்.